பாதத்தில் ஒரு தட்டு

ஒர்க்‌ஷாப்காரருக்கு அக்கா புருஷன்மேல் பல வருஷமாக ஒரு மனத்தாங்கல். வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிறவனைக் கூப்பிட, வெளியே நீட்டியிருக்கும் பாதத்தில் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டுவார்கள். எஞ்சின் இரைச்சலில் வேறெப்படிக் கூப்பிடுவது? முதலாளி பாதமானாலும் அதே தட்டுத்தான். ‘பட்டாளம்’ என்று எல்லாரும் கூப்பிடும் அந்த அக்கா புருஷன் மட்டும் இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்: "மாப்ள, என் கால எவனும் தொடக் கூடாது. முன்னால வந்து குனிஞ்சு கூப்பிடு."

"மகாராஜாவுக்குக் குனிஞ்சு வேற கூப்பிடணுமாம்!" என்று வெல்டர் நக்கலடித்தார். வேலை கொடுத்தவனிடமே இந்த வீம்பா என்று ஒர்க்‌ஷாப்காரருக்கும் எரிச்சல்.

பட்டாளம் முன்பு ராணுவ லாரி ஓட்டியவர். லீவில் வந்தால் வாய் ஓயாது. சண்டைக்குப் போய்த் திரும்பியபின் சுவரில் முதுகை ஒட்டாமல் உட்காரமாட்டார். டீக்கடைக்காரர் ஒரு பார்வை பார்த்தால் போதும், "அவன் ஏன் என்னையே நோட்டம் விடுறான்?" என்பார். கிடங்கில் காவல் வேலை கிடைத்தது. வந்த மூட்டையை எல்லாம் பிரித்துப் பார்த்தால் எவன் வைத்துக்கொள்வான்? அக்கா முகத்துக்காகத்தான் ஒர்க்‌ஷாப்காரர் சேர்த்துக்கொண்டார். சேர்த்தபின் அவரும் மச்சானைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கத் தொடங்கினார். இந்த ஆள் எதையோ மறைக்கிறார்.

ஒருநாள் பட்டாளத்துக்குக் காய்ச்சல் என்று சொல்ல அக்காவே வந்தாள். கொளுத்தும் வெயிலில் கழுத்தைச் சுற்றிச் சால்வை.

"என்னக்கா, சளியா?"

"ஆமாடா."

"ஒரு இருமலக் காணோமே." சால்வையை விலக்கினார். கழுத்தில் விரல்கள் நீலமாகப் பதிந்திருந்தன. "அடிக்கிறாரா?"

"ஐயோ, இல்லடா. சோபாவுல தூங்கிட்டிருந்தாரு. நம்ம வீட்டுப் பழக்கம், பாதத்துல தட்டிட்டேன். நான் யாருன்னே அவருக்குத் தெரியல. புள்ள கத்துனப்புறம்தான் கைய எடுத்தாரு."

அவர் நம்பவில்லை. புருஷனை விட்டுக்கொடுக்காத பெண்டாட்டிகள் சொல்லும் கதை அவருக்கும் தெரியும். கைக் கரியைக்கூடத் துடைக்காமல் அக்கா வீட்டுக்கு நடந்தார்.

பட்டாளம் வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் இருந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"அடிக்கத்தான வந்திருக்க? அடி மாப்ள."

"காலத் தட்டுனதுக்குக் கழுத்தப் புடிப்பீங்களா? யாருகிட்ட காது குத்துறீங்க?"

"அங்க பள்ளத்துல படுத்துத் தூங்குவோம். ஒருநாள் கால்ல தட்டுனாங்க. காவல் மாத்த எழுப்புறாங்கன்னு எந்திரிச்சேன். நம்மாளு இல்ல, எதிரி. அவன் கழுத்தப் புடிச்சுத்தான் தப்பிச்சேன். பக்கத்துல படுத்திருந்தவங்க எந்திரிக்கவே இல்ல."

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சே மச்சான்."

"என் காலுக்கு அது தெரியலியே."

ஒர்க்‌ஷாப்காரர் அவர் முகத்தையே பார்த்தார். பொய் சொல்கிறவன் கண் இப்படி இருக்காது. கோபம் இறங்கியது, அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது.

"டாக்டர்கிட்ட போவோம்."

"வர்றேன். எத்தன நாள் இழுக்குமோ தெரியாது. இவ்வளவு நாளா உன்னக்கூடச் சந்தேகப்பட்டேன், என்னச் சந்தேகப்படல. அக்காவையும் புள்ளையையும் இப்பவே உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. உள்ள தாழ்ப்பாள் போட்டுக்க. நான் வந்து கூப்பிட்டா, எவ்வளவு நல்லவனாப் பேசுனாலும், கதவத் தொறக்காத மாப்ள."