ரியாஸ் போன மூணடி

எங்க அம்மாவோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல நாலு நாளா ரியாஸ் ஓடிட்டு இருக்கான்.

ஸ்டேட்டஸ் ஒரு நாள்ல தானா போயிடுமே? போகுது. அம்மா தினமும் காலைல காபி போடுறதுக்கு முன்னாடியே மறுபடி போட்டுடுறாங்க. கீழ ரெண்டு கைதட்டல், ஒரு இதயம், அப்புறம் ஒரு வரி — ‘எங்க வீட்டு இன்னொரு பிள்ளை.’

இன்னொரு பிள்ளையா? அப்போ முதல் பிள்ளை எங்க? இதோ, பக்கத்து ரூம்ல உக்காந்து வயிறு எரிஞ்சு இத டைப் பண்ணிட்டு இருக்கேன்!

போன வாரம் இந்தப் பத்தில பார்க்கிங் விஷயத்துல உங்கள எல்லாம் கிழிச்சு எழுதுனேன்ல, அதுக்கு என்னத் திட்டி மெயில் போட்டவங்க இன்னிக்கு சந்தோஷமா படிக்கலாம். இந்த வாரம் அசிங்கப்படப் போறது நான்தான்.

ரியாஸ் என் காலேஜ்மேட். டீம்மேட்டும்கூட. நாங்க ஆடுறது அமெரிக்கன் ஃபுட்பால். ஹெல்மெட், தோள்ல பேடு, ரெண்டு பக்கமும் இழுத்து விட்ட முட்டை மாதிரி ஒரு பந்து. ரூல் சிம்பிள். நாலு சான்ஸ் குடுப்பாங்க, அதுக்குள்ள பந்தோட பத்து கெஜம் முன்னாடி போகணும். போகலையா, பந்து எதிர் டீமுக்கு. கபடி பாத்தவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல.

எங்க டீம் ஒன்பது கெஜம் ஜோரா போகும். பத்தாவதுல... காலி.

ஒரே ஒரு கெஜம். மூணு அடி. கல்ஃப்ல நாங்க இருக்கற கராமா ஏரியா ஃப்ளாட்டுல சோஃபாவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவுல இருக்கற தூரமே அதவிட ஜாஸ்தி. கடல் தாண்டி வந்து பொழைக்கற குடும்பத்துப் பசங்க, மூணடி தாண்ட முடியாம மேட்ச் மேட்சா தோத்தோம்.

அந்த மூணடி போகற வேலை யாரோடது? என்னோடது. வெயிட் தொண்ணூத்தெட்டு கிலோ. எங்க கோச் லெபனான்காரர். ஒரு கெஜம் பாக்கின்னாலே “யல்லா, பிக் மேன்!”னு என்னத்தான் கத்திக் கூப்பிடுவார். நானும் பந்த வாங்கிட்டு புல்டோசர் கணக்கா வருவேன். எதிர்ல ஆளுங்க சுவர் மாதிரி நிப்பாங்க. மோதுவேன். நின்னுடுவேன்.

எங்க டீம்ல ஜிதின்னு ஒரு மலையாளி. அவன் எனக்கு ‘டாக்ஸி’ன்னு பேரு வெச்சான். வேகமா வந்து, ரேடார் கேமராவப் பாத்ததும் பிரேக் அடிக்கற டாக்ஸி மாதிரி கோட்டுக்கிட்ட வந்து ஸ்லோ ஆயிடுறேனாம். பேரு ஒட்டிக்கிச்சு. எங்க அம்மாவே ஒரு தடவ கூப்பிட்டுட்டாங்க.

இதுல வந்து சேந்தான் ரியாஸ். காயல்பட்டினத்துக்காரன். அறுபத்தொரு கிலோ — அதுவும் பிரியாணி சாப்பிட்ட பிறகு. ஒரு நாள் ப்ராக்டிஸ்ல கோச் சும்மா வெளாட்டுக்கு அவன்கிட்ட பந்தக் குடுத்தார். போயிட்டான். திரும்பக் குடுத்தார். திரும்பப் போயிட்டான்!

“ஹபீபி, எப்படிடா?”ன்னார் கோச், இங்கிலீஷ்ல.

“பிளாட்பார மேடு கோச்”ன்னான்.

விஷயம் என்னன்னா, தேரா பஜார்ல இவன் வாப்பாவுக்கு கம்பளி ஹோல்சேல் கடை. காலேஜ் முடிஞ்சதும் இவன் அங்க ட்ராலி தள்ளுவான். “லோடோட பிளாட்பாரத்துல ஏத்தறப்போ ஒரு செகண்ட் நின்னா முடிஞ்சுது கோச். அப்புறம் ஏறாது. குனிஞ்ச தலை நிமிராம, கால மட்டும் நிறுத்தாம மிதிச்சிட்டே இருக்கணும்.”

எவ்ளோ சிம்பிள்! இது ஏன் எனக்குத் தோணல? நான் தள்ளுன ஒரே ட்ராலி சூப்பர் மார்க்கெட் ட்ராலி. அதுவும் ஏசில.

அன்னில இருந்து மூணடி அவனோடது. எனக்கு புது வேலை என்ன தெரியுமா? அவன் பின்னாடி நின்னு முதுகப் புடிச்சுத் தள்றது. தொண்ணூத்தெட்டு கிலோ மனுஷன இதுக்கு மேல கேவலப்படுத்த முடியுமா?

ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா? பீச்ல பெரிய வில்லா வெச்சிருக்கவனப் பாத்து நமக்கு பொறாமையே வராது. அதே பில்டிங்ல, அதே ஃப்ளோர்ல, ஒரு பெட்ரூம் எக்ஸ்ட்ரா வெச்சிருக்கான் பாருங்க... அவனப் பாத்தாதான் எரியும். பொறாமைக்கு தூரத்துப் பார்வை கிடையாது. அதுக்கும் மூணடிதான் கணக்கு.

கடைசி மேட்சுக்கு வருவோம். அபுதாபில இருந்து வந்த டீம். கடைசி நிமிஷம், நாலாவது சான்ஸ், எல்லைக்கோட்டுக்கு ஒரு கெஜம். தாண்டுனா ஜெயிச்சோம், இல்லன்னா கலாஸ். கேலரில எங்க அம்மா வேற.

ரியாஸ் திரும்பி என்னப் பாத்தான். “மச்சான், பின்னாடி நீ இருக்கல்ல?”

தம்ஸ் அப் காட்டுனேன்.

பந்து அவன் கைக்கு வந்துச்சு. அந்த நிமிஷம்... சொல்லவே கூசுது. ‘ஒரே ஒரு தடவ இவனும் நிக்கட்டுமே’ன்னு தோணுச்சு. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு இவனுக்கும் தெரியட்டுமே! ரெண்டு கையையும் அவன் முதுகு வரைக்கும் கொண்டு போனேன். தள்ளல. தொடக்கூட இல்ல.

மூணு பேர் அவன் மேல விழுந்தாங்க. கால் மட்டும் தையல் மிஷின் மாதிரி ஓடிட்டே இருந்துச்சு. கோட்டத் தாண்டிட்டான்.

எழுந்தவன் நேரா ஓடி வந்து என்னக் கட்டிப் புடிச்சு, கேலரி வரைக்கும் கேக்கற மாதிரி கத்துனான். “இவன் தள்ளுனதுலதான் போனேன்!”

நான் என்ன சொன்னேன்? “ஆமாடா, செம தள்ளு!”ன்னேன்.

ஜிதின் பக்கவாட்டுல இருந்து எடுத்த வீடியோதான் இப்போ அம்மா ஸ்டேட்டஸ். என் கைக்கும் ரியாஸ் முதுகுக்கும் நடுவுல ஒரு சாண் கேப் இருக்கு. எனக்கு அது மட்டும்தான் தெரியுது. அம்மாவுக்கு அது மட்டும் தெரியல. “பாருடா, எவ்ளோ ஆசையாத் தள்ற!”

“அம்மா, ப்ளீஸ், அத டெலீட் பண்ணுங்க.”

“ஏன்டா, பொறாமையா?”

ஷூவ மாட்டிட்டு மெட்ரோ ஏறிட்டேன். யாராச்சும் ஜூம் பண்ணிப் பாத்து அவன்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும். அவன் மூஞ்சத் திருப்பிக்கிட்டா? ஒன்றரை வருஷமா என் தட்டுல கை வெச்சு சாப்பிடறவன். போயிடுவானோன்னு நிஜமாவே பயம்.

தேரால அவன் கடை வாசல். தலைக்கு மேல கம்பளி மூட்டை அடுக்குன ட்ராலியோட ரியாஸ். வெயில் மண்டையப் பொளக்குது. உள்ள இருந்து அவன் வாப்பா, “வாங்க தம்பி, சுலைமானி டீ குடிக்கிறியளா?”ன்னார்.

“அப்புறம் குடிக்கறேன் மாமா. ரியாஸ், அந்த வீடியோல...”

“டேய் டாக்ஸி, முதல்ல இத மேல ஏத்தணும். பின்னாடி வா.”

போய் நின்னேன். “இல்லடா, அன்னிக்கு நான்...”

அவன் குனிஞ்சு மூட்டைல தோளக் குடுத்தான். திரும்பிக்கூடப் பாக்கல. “என் முதுகு மச்சான். யாரு தொட்டா, யாரு தொடலன்னு எனக்குத் தெரியாதா? இன்னிக்காச்சும் தள்ளு.”

“அப்புறம் ஏன்டா எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்ன?”

“உங்க அம்மா பாத்துட்டு இருந்தாங்கல்ல?”

தள்ளுனேன். என் வாழ்க்கைல அப்படித் தள்ளுனதே இல்ல. ட்ராலி ஏறிடுச்சு.

ஓட்டத்துலதான் தோத்தேன்னு நெனச்சேன். நல்ல மனசுலயும் அவன்தான் ஃபர்ஸ்ட்டாம். இது அநியாயம் இல்லையா?

எங்க அம்மா இந்தப் பத்திய ஒரு வாரம் விடாம படிக்கறவங்க. அதனால, அம்மா... அந்த ஸ்டேட்டஸ எடுக்க வேணாம், இருக்கட்டும். கொஞ்சம் எரியும், பழகிக்கறேன்.