சுவர்மாயன் கறுப்பாக இருந்த இதழ்

ஸ்டூடியோக்காரர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கல்யாணமான கையோடு படமெடுக்க வந்த கொத்தனாரையும் அவர் மனைவியையும் நாற்காலியில் உட்காரவைத்து, முகவாயைத் தொட்டுத் திருப்பி, அக்கறையாகத்தான் எடுத்தார். பிறகு உள்ளே போய் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து, கூர் சீவிய பென்சிலால் கொத்தனாரின் முகத்தை வெளுக்கவைத்தார். கேட்காமலே செய்த உபகாரம். கறுத்த மனிதர் சிவந்த மாப்பிள்ளை ஆகிவிட்டார். அப்போதெல்லாம் எந்த ஸ்டூடியோவுக்குப் போனாலும் அந்தப் பென்சில் இருந்தது. ஒரு தலைமுறையின் முகங்களையே அது திருத்தி எழுதியது. திருத்தச் சொல்லி யாரும் மனுப் போடவில்லை.

கொத்தனாருக்கு எஞ்சியது அந்த ஒரு படம்தான். அடுத்த ஆண்டே சாரம் சரிந்து மேலிருந்து விழுந்தார். சாரக்கயிறு இற்றுப்போயிருக்கிறது, மாற்றுங்கள் என்று அவரே சொல்லியிருந்தார். கட்டடக்காரர் வந்து நின்று, எல்லாம் தலையெழுத்து என்றார். புதுக் கயிறு வாங்குவதைவிடத் தலையெழுத்து மலிவு. அதை எவன் தலையிலும் கட்டலாம், இற்றுப்போகாது.

அவர் மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தார். நான் எழுத வந்தது இவரைப் பற்றித்தான்.

வேலை பார்த்த இடத்தில் இவருக்குப் பெயர் மஞ்சக்கா. சிறுவர்களுக்கான படக்கதைப் புத்தகங்கள் அச்சடிக்கும் பிரஸ் அது. ஓவியர் கறுப்புக் கோட்டில் படம் வரைந்து கொடுத்துவிடுவார். நிறம் சேர்ப்பது பெண்கள் வேலை. கண்ணாடி மேசைக்கு அடியில் குழல்விளக்கு எரியும். மேலே ஒவ்வொரு பக்கத்துக்கும் மஞ்சளுக்கு ஒரு பிலிம், சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. எந்த இடத்தில் எந்த நிறம் எவ்வளவு விழ வேண்டுமோ, அந்த அளவுக்குப் புள்ளித்தாளை வெட்டி, கோடு தாண்டாமல் ஒட்ட வேண்டும். புள்ளி நெருங்கினால் நிறம் அடர்த்தி, விலகினால் இளசு. ஆளுக்கொரு நிறம் என்று மூன்று பெண்கள். மஞ்சக்கா, சிவப்பக்கா, எல்லாரிலும் இளையவளான நீலம். சம்பளம் கொடுக்கும்போதுகூட முதலாளி அந்தப் பெயரில்தான் கூப்பிடுவார். புத்தகத்தின் உள்ளட்டையில் முதலாளி பெயர், ஓவியர் பெயர், அச்சக முகவரி எல்லாம் வரும். நிறங்களின் பெயர் வராது.

முதலாளி ஒரு புது நாயகனை அறிமுகப்படுத்தினார். சுவர்மாயன். வேலை நடந்துகொண்டிருக்கும்போது சுவர் இடிந்து செத்துப்போன ஒரு கொத்தனார், பேயாக வந்து, சுவர்களுக்குள் புகுந்து புறப்பட்டு, பதுக்கல்காரர்களின் கிடங்கைக் காலி செய்கிறான். கதை முழுக்க முகத்தில் துணி கட்டியிருப்பான். கடைசிப் பக்கத்தில்தான், கிடங்கு முதலாளிக்கு முன்னால் துணியை அவிழ்த்து, "என்னைத் தெரிகிறதா?" என்று கேட்பான்.

பேய் கிடையாது. எனக்குத் தெரியும், மஞ்சக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். புருஷன் செத்த பிறகு ஒருநாளாவது வந்து எட்டிப் பார்ப்பாரா என்று காத்திருந்து, வரவில்லை என்று கண்டுகொண்டவர் அவர். ஆனாலும் அந்தக் கடைசிப் பக்கம் மேசைக்கு வந்தபோது கையிலிருந்த பிளேடைக் கீழே வைத்துவிட்டாராம்.

முதலாளி கொடுத்த நிறக் குறிப்பில், பேயின் முகத்தில் எதுவும் வேண்டாம், தாளின் வெள்ளையே போதும் என்று இருந்தது. கிடங்கு முதலாளிக்கும் அதே வெள்ளைதான். பணக்காரனும் பேயும் ஒரே நிறம்.

மஞ்சக்கா மட்டும் நினைத்தால் ஒன்றும் நடக்காது. மஞ்சளை மட்டும் போட்டால் காமாலைக்காரன் மாதிரி இருப்பான். மனிதத் தோலின் கறுப்புக்கு மூன்று பேரும் வேண்டும். சிவப்பக்கா கேட்டாள், "ஏன்டி, பேய்க்கு எதுக்குடி நிறம்?"

"இவன் கொத்தனாருடி. வெயில்லயே நின்னவன். செத்ததும் யாரு வந்து பவுடர் போட்டுவிட்டா?"

சிவப்பக்கா தன் பெட்டியிலிருந்து பாதி அடர்த்திப் புள்ளித்தாளை எடுத்தாள். நீலம் முதலாளிக்குப் பயந்து கொஞ்ச நேரம் முரண்டு பிடித்துவிட்டு, பிறகு அவசர அவசரமாக வெட்டி ஒட்டினாள். எந்த மூன்று புள்ளிகள் சேர்ந்தால் அந்தக் கறுப்பு வரும் என்று மஞ்சக்கா பழைய தாள்களில் தேடித் தேடிப் பொருத்திவைத்திருந்தார். அவர் மனதில் இருந்த முகம் யாருடையது என்று மற்ற இருவரும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அவர்கள் முட்டாள்கள் இல்லை.

முதலாளி சிக்கனக்காரர். செலவு மிச்சம் என்று கறுப்புக் கோட்டை மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிவிடுவார். அதனால் அவருக்கு விஷயம் தெரிந்தபோது இதழ் கடைகளுக்குப் போய்விட்டது. விற்பனையாளர்களில் சிலர், நாயகன் முகத்தில் கரி அப்பியிருக்கிறதே என்று கேட்டிருக்கிறார்கள். முதலாளி மேசைக்கு வந்து மூன்று பெண்களையும் நிற்கவைத்து, செத்தவன் வெளுத்துத்தான் இருப்பான், அதுகூடத் தெரியாதா என்று கத்தினார்.

மஞ்சக்கா சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் செத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கேன் சார். வெளுக்கல."

அதோடு வேலை போயிற்று. அவருக்கு மட்டும்தான் போயிற்று. மூன்று பேர் கை இல்லாமல் அந்த நிறம் வராது என்பது முதலாளிக்கும் தெரியும். ஆனால் இரண்டாம் இதழுக்கு ஆள் வேண்டுமே. அந்த இதழில் சுவர்மாயன் வெளுத்துவிட்டான். கடைசிவரை வெள்ளையாகவே இருந்தான். முதல் இதழில் விற்காமல் கிடந்ததெல்லாம் எடைக்குப் போயிற்று. அங்கே வேலை செய்பவர்களுக்குப் பிரதி கொடுக்கும் வழக்கம் இல்லை. கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று மஞ்சக்கா நினைத்திருந்தார். பிரசவம் முடிந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போனபோது ஒன்றும் மிச்சமில்லை.

பிறந்தது பெண். அப்பாவின் நிறம், அச்சாக.

அந்த அச்சுக்குச் சாட்சி சொல்லத்தான் ஆளில்லை. கொத்தனார் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். அவரைக் கட்டிக்கொண்டதற்காக மஞ்சக்காவைப் பிறந்த வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். வேறு ஊருக்குப் போய், மருந்து அட்டைப்பெட்டி அச்சடிக்கும் இடத்தில் சேர்ந்து, ஓர் அறை வாடகைக்கு எடுத்தார். சுவரில் அந்த ஒற்றைப் படம். வெளுத்த மாப்பிள்ளை, மாநிறமான பெண். கீழே பாயில் கறுத்த குழந்தை. வீட்டுக்காரம்மா வந்தார். படத்தைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "அப்பா எவ்வளவு நிறம்! இது யாரைக் கொண்டிருக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இப்படிக் கேட்பவர்கள் எப்போதும் சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள். கத்திக்கு உறை போடுகிற மாதிரி.

குழந்தை வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அதையே வேறு வார்த்தைகளில் கேட்க, ஒருநாள் வந்து நின்றது. "அம்மா, நான் அப்பாவுக்குப் பொறந்தவதானே?"

மஞ்சக்கா அதிர்ந்துபோனாலும் காட்டிக்கொள்ளவில்லை. பென்சில் கதையைச் சொன்னார். அப்பா உன் நிறம்தான் என்றார். மகள் நம்பவில்லை. "என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றே" என்றது. உடனே மஞ்சக்கா, ஒரு புத்தகம் இருக்கிறது, நீ பிறப்பதற்கு முன்னாலேயே வந்தது, அதில் அப்பா நிறம் இருக்கிறது என்றார். எங்கே என்று மகள் கேட்டாள். எல்லாம் எடைக்குப் போய்விட்டது என்றுதான் மஞ்சக்கா சொல்ல வேண்டியிருந்தது.

அப்பாவைப் பற்றிய அந்தக் கேள்வியை மகள் பிறகு எப்போதும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் மஞ்சக்காவுக்குப் பாரமாக இருந்தது. அம்மா சொல்வது ஆறுதலுக்காக என்று மகள் ஏற்றுக்கொண்டுவிட்டாள். பாசத்தோடு, மரியாதையோடு, சந்தேகத்தோடு. மகள் படித்து, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கண்ணால் பார்க்காத எதையும் அறிக்கையில் எழுத மாட்டாள். மஞ்சக்காவுக்கு அதில் பெருமைதான். அந்தப் பெருமைக்குள்ளேயே ஒரு முள்ளும் இருந்தது. தன் ஒரே பெண், தன் வாழ்க்கையின் ஒரே உண்மையை மட்டும் ஆதாரமில்லை என்று தள்ளிவைத்திருக்கிறாள். பழைய புத்தகம் விற்கும் நடைபாதைகளில் குனிந்து தேடித் தேடி மஞ்சக்காவுக்கு முதுகு வளைந்ததுதான் மிச்சம்.

இதழைக் கண்டுபிடித்தது மகள்தான். கூடத்துக்கு ரத்தம் கொடுக்க வந்த ஒருவர் பழைய படக்கதைகள் சேர்க்கிறவர். பேச்சுவாக்கில் சுவர்மாயன் என்றார். கடைத்தெருவில் ஒரு மாடியில் பழைய புத்தகக் கடை இருக்கிறது, முதல் இதழ் அங்கே இருக்கிறது என்றார். மகள் ஓடிவந்து சொன்னபோது மஞ்சக்கா உடனே கிளம்பவில்லை. கண்ணில் புரை விழுந்து உலகமே டீ வடிகட்டிய துணி மாதிரி தெரிந்துகொண்டிருந்தது. "இந்தக் கண்ணை வெச்சிக்கிட்டு நிறம் பார்க்க வர மாட்டேன். நாளைக்கு நீ நம்ப மாட்டே" என்றார். புரை எடுத்து, கட்டுப் பிரித்து, மருத்துவர் போகலாம் என்று சொன்ன பிறகுதான் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினார். நல்ல பகல் வெளிச்சத்தில்தான் போக வேண்டும் என்பதும் அவர் கட்டளை.

கடைக்காரர் நடுவயதுக்காரர், நல்ல கறுப்பு. இதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தார். மேலே ஒரு சீட்டு: அச்சுப்பிழைப் பிரதி. உறையைப் பிரித்துக் காட்ட முடியாது என்றார். மகள் கெஞ்சினாள். கை பட்டால் தாள் உதிரும், சேகரிப்பவர்கள் மதிக்க மாட்டார்கள் என்றார் அவர். மெஷினில் மை வழிந்து முகம் கறுத்துப்போன பிரதி இது, அதனால்தான் இதற்கு இத்தனை கிராக்கி என்றும் விளக்கினார்.

"வழியலை, தம்பி" என்றார் மஞ்சக்கா. "வேணும்னுதான் போட்டோம்."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு?"

"நாங்க மூணு பொம்பளைங்க. மஞ்சள் நான்."

அவர் உறைக்குள் இருந்த இதழைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, தன் சின்ன வயதில் இந்த இதழ் தன்னிடம் இருந்ததைச் சொன்னார். நாயகன் முகத்தைக் கண்ணாடியில் தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாராம். அடுத்த இதழ் வந்ததும் அண்ணன்கள், பார்த்தியா, அது பிழை, அவன் உன்னை மாதிரி இல்லை என்று கேலி செய்தார்களாம். "பிழைன்னே நம்பிட்டேம்மா, இத்தனை நாளா." சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்து உறையின் ஓரத்தை வெட்டினார்.

ஜன்னல் பக்கம் மேசையைத் தள்ளிப்போட்டு, கடைசிப் பக்கத்தை அவரே திறந்துவைத்தார். மஞ்சக்கா குனிந்தார். முதலில் வந்தது சிரிப்பு.

"நீலத்தைப் பாரு. காது ஓரம் கோடு தாண்டி ஒட்டியிருக்கா. எப்பவும் அவசரம் அவளுக்கு."

நீலம் இறந்து பல காலம் ஆயிற்று. அவள் அவசரம் மட்டும் அந்தக் காதோரத்தில் அப்படியே இருந்தது. மஞ்சக்கா அதை விரலால் தொடாமல், மேலாகத் தடவினார்.

மகள் முதலில் அட்டையைத்தான் பார்த்தாள். அச்சான மாதத்தைப் படித்தாள். தான் பிறப்பதற்கு முந்தைய மாதம். பிறகு சட்டைக் கையை மேலே மடித்து, வெயில் படாத உள்பக்கக் கையை அந்த முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள். பொருந்தவில்லை. அச்சிலிருந்த முகம் அவள் கையைவிடக் கறுப்பாக இருந்தது.

மஞ்சக்காவின் தோள் லேசாகச் சரிந்ததைக் கடைக்காரர்கூடக் கவனித்தார். மகளும் கவனித்தாள். ஆனால் அவசரப்பட்டுச் சரி என்று சொல்லிவிடவில்லை. இன்னொரு ஆறுதல் பொய் அந்த வீட்டுக்கு வேண்டியதில்லை.

"அம்மா, இந்தக் கிடங்கு முதலாளிக்கு என்ன நிறம் போட்டீங்க?"

"அவனுக்கு ஒண்ணும் போடலை. வெறும் தாளுதான்." சொல்லிவிட்டு மஞ்சக்கா அந்த முகத்தைப் பார்த்தார். தாள் மட்டமான தாள். இத்தனை வருஷத்தில் அதுவாகவே பழுத்து, கிடங்கு முதலாளியின் வெள்ளை முகம் நன்றாகப் பழுப்பேறிக் கிடந்தது. "அட, இவனும் கறுத்துட்டானே!"

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

மகள் சிரிக்கவில்லை. அவள் கூடத்தில் தினமும் செய்கிற வேலை அது. எதுவும் கலக்காத வெறும் மாதிரியை முதலில் பார்த்து, அதில் எவ்வளவு நிறம் தெரிகிறதோ அதைக் கழித்துவிட்டுத்தான் மற்றதைப் படிக்க வேண்டும். கிடங்கு முதலாளியின் முகத்தைப் பார்த்தாள். சுவர்மாயனின் முகத்தைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். மஞ்சக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தாள் பழுத்ததைக் கழிச்சிட்டா," என்றாள் மகள், ஒவ்வொரு சொல்லாக, அறிக்கை படிக்கிற குரலில், "சரியா இருக்கும்மா."

பிறகு அந்தக் குரல் உடைந்தது. அவள் மடித்த சட்டைக் கையை இறக்காமல், பேயாக வந்த கொத்தனாருக்குப் பக்கத்திலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். மஞ்சக்கா அந்தக் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"நான் போட்டது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் பாப்பா," என்றார். "இதுதான் சரியான நிறம்."