ஆள் இல்லாத அறையின் சத்தம்

அப்பா செத்த அன்று தம்பி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணனுக்கு அது பல வருஷமாக நெஞ்சில் தைத்த முள். அழாவிட்டால் தொலைகிறது. அடக்கம் முடிந்து திரும்பிய கையோடு, அப்பா படுத்திருந்த அறையிலிருந்து சொந்தக்காரர்களை எல்லாம் வெளியே போகச் சொல்லி, ஒரு ரெக்கார்டரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டானே, அதைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

"அப்பன் போன வீட்டுல என்னத்தடா பதிவு பண்றான் இவன், ஆவியையா?" என்று அத்தை கேட்டாள். துக்க வீட்டில் நாலு பேர் சிரித்தார்கள். அண்ணனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

தம்பி அப்போதுதான் மின்னணு இசைப் படிப்பை முடித்திருந்தான். அதில் சேர்ந்தபோது, பையன் பாட்டுப் போடுவான், மேடை ஏறுவான், காரில் வந்து இறங்குவான் என்று வீடே கோட்டை கட்டியது. முதல் லீவுக்கு வந்தவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஃப்ரிட்ஜ் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"பசிச்சா திறந்து எடுத்துத் தின்னுடா. வெளிய உக்காந்து என்ன வேடிக்கை?"

"உறுமலைக் கேக்குறேண்ணே. இதுக்குள்ள ஏழெட்டு சுரம் இருக்கு. கம்ப்யூட்டர்ல இழுத்து நீட்டினா கூட்டமா பாடுற மாதிரி வருது."

"ஃப்ரிட்ஜ் உறுமினா ரிப்பேருக்கு ஆளைக் கூப்பிடணும். இதுக்காடா படிக்கப் போன?"

அங்கே கருவியைத் தொடுவதற்கு முன்னால் காதைத்தான் தீட்டச் சொன்னார்களாம். ஆள் இல்லாத அறைக்கும் சத்தம் உண்டு, ஒரு அறையைப் போல இன்னொன்று இருக்காது என்று தம்பி அங்கே கற்றுக்கொண்டான். அதுவே பின்னால் அவனுக்குச் சோறு போட்டது. படப்பிடிப்பில் ஒரு வீட்டில் காட்சி முடிந்ததும், நடிகர் முதல் டீ கொடுப்பவர் வரை எல்லோரும் சிலை மாதிரி நிற்க, அந்த வெறும் அறையைப் பதிவு செய்வான். பிறகு அதைப் பேச்சுக்கு அடியில் விரிப்பார்கள். வெட்டி ஒட்டிய இடம் காதில் இடறாது. படம் பார்க்கிறவன் ஒருவனுக்கும் இப்படி ஒரு வேலை இருப்பது தெரியாது. தெரியாமல் இருந்தால்தான் அவன் வேலை சுத்தம்.

சொந்தமாகவும் இசை செய்தான். சின்ன அரங்குகளில் போடுவான். தாளம் எப்போது வரும் என்று காத்திருந்துவிட்டு ஜனங்கள் பாதியில் எழுந்து போவார்கள். அரங்கின் இருட்டில் அவன் அதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

மாடி அறையில் தனிக்கட்டை. சுவர் முழுக்கப் பழைய மெத்தை, சாத்தியே கிடக்கும் ஜன்னல். ஒரு பாடகி கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்தாள். "உங்க வீட்டுல தும்மறதுக்குக்கூட எழுதிக் கொடுக்கணும் போலிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனவள் திரும்பவில்லை. அண்ணன் எப்போதாவது போன் செய்தால், "ரெக்கார்டிங்ல இருக்கேண்ணே" என்பான். அவரும் விட்டுவிட்டார். பேசினால் சண்டையில்தான் முடியும் என்று அவருக்கு நினைப்பு.

கணையத்தில் கட்டி என்று தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பக்கத்தில் இருக்க அண்ணனை விட்டால் ஆளில்லை. வெறும் அறைகளின் சத்தத்தை மட்டும் வைத்துத் தம்பி செய்த நீண்ட இசையைப் பெரிய அரங்கு ஒன்று முதல்முறையாக ஏற்று, சனிக்கிழமைக்கு வைத்திருந்தது. அவனால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை.

"முதல்ல வர்றது அப்பா ரூம்தாண்ணே" என்றான்.

அண்ணனுக்குச் சுருக்கென்றது. "அன்னைக்கு ஊரே சிரிச்சுதுடா. அப்படி என்ன தலை போற அவசரம்?"

"மெத்தையைத் தூக்கி வெளிய போடுங்கன்னு அத்தை சொல்லிட்டு இருந்தாங்க. மெத்தை, அவர் சட்டை, போர்வை எல்லாம் சத்தத்தை உறிஞ்சும். எடுத்துட்டா ரூம் மாறிடும். அப்புறம் எங்க போய்த் தேடுறது?"

"அதுக்காக ஒரு சொட்டு அழக்கூடாதா?"

"அழுதா அந்தச் சத்தமும் பதிவுல விழுந்துடும்லண்ணே."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கழுதை" என்றார். யாரைத் திட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை.

தம்பி சனிக்கிழமை வரை தாங்கவில்லை. நினைவு தப்புவதற்கு முன் அண்ணனிடம் அவன் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"நீ போய்க் கடைசி வரிசையில உக்காருண்ணே. பிடிக்கலைன்னாலும் முடியிற வரைக்கும் இரு. நடுவுல எவனாவது எழுந்து போனா, எந்த இடத்துல எழுந்தான்னு பாத்துக்கோ. வந்து எங்கிட்ட சொல்லு. அந்த இடத்தைக் கொஞ்சம் சரி பண்ணணும்."