அக்காவின் மூச்சும் என் ஆங்கிலமும்

அக்கா மறைந்து முப்பத்தோராம் நாளான இன்று இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அக்காவைப் பற்றி நாலு வார்த்தை எழுதும்படி என்னிடம் கேட்டார்கள். குடும்பத்தில் படித்தவன் நான் என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணத்தால் அதிகம் கஷ்டப்பட்டவர் அக்காதான்.

சாவகச்சேரியில் பிறந்தவர். ஐயாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, தையல் தைத்து என்னைப் படிக்க வைத்தார். தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எண்பதுகளில் லண்டன் வந்து ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை செய்தார். மிச்சம் என்ற பகுதியில் உள்ளூர்க் கவுன்சில் அவருக்கு வாடகைக்குக் கொடுத்த இரண்டு அறை வீட்டுக்குள், கவுன்சிலுக்குத் தெரியாமல், நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வந்து புகுந்தோம். ஈரமில்லாத முன்னறை எங்களுக்கு. பூஞ்சணம் பிடித்த பின்னறை அக்காவுக்கு. குளிருக்குப் பயந்து யன்னலைத் திறக்காமல், ஐந்து பேரின் உடுப்பையும் ஹீற்றரில் காயப்போட்டு, அந்தப் பூஞ்சணத்தை ஊட்டி வளர்த்ததும் நாங்களே.

அக்காவுக்குத் தொய்வு தொடங்கியது. பூஞ்சணம் ஒத்துக்கொள்ளாமல் வருகிற மூச்சுத் திணறல் என்று சொன்ன டொக்டர், வீடு மாற்றிக் கொடுக்கும்படி கவுன்சிலுக்கு எழுதினார். அதிகாரி பார்க்க வருவதாகப் பதில் வந்தது. வந்தால் தலைகளை எண்ணுவார்களே! முதல் நாளே பின்னறைச் சுவருக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்தேன். அதிகாரி வந்த அன்று மனைவியையும் பிள்ளைகளையும் வெஸ்ட் ஈலிங் கோயிலுக்கு அனுப்பினேன்.

"சுவரெல்லாம் கறுப்பாய் வருகுது, படுத்தால் மூச்சு விட ஏலாமல் கிடக்கு எண்டு சொல்லு தம்பி" என்றார் அக்கா.

வீடு நல்ல வசதி என்கிறார் என்று அதிகாரிக்கு மொழிபெயர்த்தேன். அவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனார்.

கதவைச் சாத்தியதும் அக்கா கேட்டார்: "நான் அவ்வளவு சொன்னன். நீ ஒரு வரியிலை முடிச்சுப்போட்டாய். இங்கிலீசு அவ்வளவு சின்னப் பாஷையோடா?"

"எங்களை வெளியாலை விட்டிடுவாங்கள் அக்கா."

"தெரியும். பிள்ளையள் பசியோட வருவினம், சோத்தை வை."

வீடு மாறவில்லை. பெயின்ற் ஒரு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை. அக்கா ஏழு வருஷம் அதே அறையில் படுத்தார். நோர்பரியில் வீடு வாங்கி, வெயில் விழும் அறைக்கு அவரை நாங்கள் அழைத்து வந்தபோது நுரையீரல் களைத்துவிட்டிருந்தது. மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு தரம் மூச்சு மருந்துப் பம்ப் இழுப்பார். ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. காட்டியிருந்தால் நானும் கோபித்து ஒருவாறு தப்பியிருப்பேன்.

கடைசி மாதத்தில் சாப்பாடு கொண்டுவந்தவர்கள், காரில் ஏற்றி இறக்கியவர்கள், கிரியைகளில் கூட நின்றவர்கள் அனைவருக்கும் நன்றி. இன்னொருவர் இருக்கிறார். வார்டில் டொக்டர் அக்காவிடம் பேச வந்தபோது நான் வழக்கம்போல் மொழிபெயர்க்க முன்னால் போனேன். "நீ நில் தம்பி, அந்தப் பிள்ளை சொல்லட்டும்" என்று அங்கே வேலையில் நின்ற தமிழ் நர்ஸைக் காட்டினார் அக்கா. பெயர் கேட்க மறந்துவிட்டேன். அக்கா திணறித் திணறிச் சொன்னதை ஒரு சொல் விடாமல் டொக்டருக்குச் சொன்ன அவருக்கு, எங்கள் குடும்பத்தின் தனி நன்றி.