கிராணி ஆன ஆயா

மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில், டத்தோ கிராமாட் சாலையில் லாரன்ஸ் வீடு எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. காலையில் தெருவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டால் போதும். "ஆயா! ஆயா!" என்று இரண்டு பிள்ளைகள் மாறி மாறிக் கத்துகிற வீடு அதுதான். ஆயா என்றால் சவரியாயி. லாரன்ஸுக்குத் தாய், ஐரீனுக்கு மாமியார், லீனாவுக்கும் செபாஸ்டியனுக்கும் அப்பாவைப் பெற்றவள். புதுச்சேரிப் பக்கமிருந்து கப்பலேறி வந்த குடும்பம் அது. அந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பாட்டி என்றால் ஆயாதான்.

சவரியாயியை வீட்டில் உட்கார வைக்க யாராலும் முடிந்ததில்லை. விடிவதற்குள் கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டு, அப்படியே சவுரஸ்தா பசாருக்கு நடந்து, மீன்காரனோடு மலாயில் ஒரு சண்டை, கீரைக்காரியோடு தமிழில் ஒரு சண்டை, இரண்டிலும் ஜெயித்துக் கூடை நிறைய வாங்கிக்கொண்டு வருவாள். ஐரீன் அப்போதுதான் தலை பின்னிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆப்பம். அன்றைக்கு அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் காலைப் பசியாறல் லாரன்ஸ் வீட்டில்தான். புருஷன் செத்தபோது லாரன்ஸ் தொட்டிலில் கிடந்தான். தெருவோரம் ஆப்பம் சுட்டு விற்றே அவனைப் பள்ளிக்கூடம் அனுப்பி, கப்பல் கம்பெனியில் கிராணி ஆக்கினாள். கிராணி என்றால் சும்மாவா? காலரும் கோட்டும் போட்டு, மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து எழுதுகிற உத்தியோகம். சம்பளம் வந்த முதல் மாதமே அவன் அம்மாவின் வியாபாரத்தை நிறுத்திவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆப்பத்தை மட்டும் அவனால் நிறுத்த முடியவில்லை, நல்லவேளையாக.

திருநாள் என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தைப்பூச ரதம், சீனர் கூத்து, மொகரத்துக்குப் போரியாப் பாட்டு, படகேறி அக்கரைக்குப் போய் அன்னம்மாள் திருநாள், டுரியான் பழக் காலத்தில் பாலிக் புலாவ் தோட்டம், எதையும் விடமாட்டாள். யாருடைய சாமி என்று அவள் கேட்டதில்லை, மேளம் எந்தப் பக்கம் என்றுதான் கேட்பாள். பிள்ளைகள் இரண்டும் அவள் இரண்டு கையிலும் தொங்கிக்கொண்டு போகும்.

ஐரீன் கெட்ட பெண் இல்லை. கான்வென்ட்டில் படித்தவள், மாமியாரிடம் ஒருநாள் முகம் சுளித்ததில்லை. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு நோய். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்கிற நோய். அதிலும் அந்த நாலு பேர் வெள்ளைக்காரர்களாக இருந்துவிட்டால் அவளுக்குக் காய்ச்சலே வந்துவிடும்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது அது நடந்தது. லாரன்ஸின் ஆபீஸ் துரையுடைய மனைவி ஐரீனைப் பார்த்துவிட்டு வாழ்த்துச் சொல்ல வந்தாள். அந்த நேரம் பார்த்துச் செபாஸ்டியன், "ஆயா, தூக்கு!" என்று சவரியாயியின் சேலையைப் பிடித்து இழுத்தான். துரைசானிக்குத் தெரிந்த ஆயா வேறு. வெள்ளைக்காரர் வீட்டில் சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கிற பெண்ணுக்குத்தான் அங்கே அந்தப் பெயர். பிள்ளை எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறான், இந்தக் காலத்தில் நல்ல ஆயா கிடைப்பது எத்தனை கஷ்டம், உங்களுக்கு இவள் வேண்டாம் என்று ஆகும்போது முதலில் என்னிடம் சொல்லுங்கள் என்று அவள் இங்கிலீஷில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள்.

இவர் என் மாமியார் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகிவிடும்? ஐரீனுக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அன்றைக்கு அது உதவவில்லை. ஆகட்டும் என்று தலையாட்டிச் சிரித்து வைத்தாள். லாரன்ஸ் அந்தப் பக்கம் யாரோடோ கை குலுக்கிக்கொண்டிருந்தான், அவன் காதில் எதுவும் விழவில்லை.

துரைசானி போனதும் சவரியாயி மருமகளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா சொல்லுது அந்த வெள்ளைக்காரி, என்னையே பாத்துப் பாத்து?"

"உங்க சேலை ரொம்ப அழகா இருக்காம், அத்தை."

பொய் எப்படி இத்தனை சுருக்காக வந்தது என்று ஐரீனுக்கே தெரியவில்லை. அது ஒரு மாம்பழ மஞ்சள் சேலை, கல்யாணத்துக்கும் திருநாளுக்கும் மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வருவது. சவரியாயி குனிந்து அதைப் பார்த்தாள், கொசுவத்தை நீவிவிட்டாள், முகமெல்லாம் பல். மறுநாள் பசார் மீன்காரன் வரைக்கும் சேதி போய்விட்டது. அதற்கப்புறம் அந்தச் சேலை பெட்டிக்குள் தங்கவில்லை.

அதைப் பார்க்கும்போதெல்லாம் ஐரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தப்பு அவள் வாயில் இருந்தது, பழியை அவள் தூக்கி ஒரு வார்த்தையின் தலையில் போட்டாள். இனிமேல் யாரும் ஆயா என்று கூப்பிடக் கூடாது, இங்கிலீஷ்காரப் பிள்ளைகள் மாதிரி அழகாகக் கிரானி என்று கூப்பிட வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டாள்.

லீனா பெரியவள், பிடித்துக்கொண்டாள். செபாஸ்டியன் சின்னவன். இரண்டு சுழி னகரத்தையும் மூன்று சுழி ணகரத்தையும் அவன் எங்கே கண்டான்? நேராக அடுப்படிக்குப் போய் வாய் நிறையக் "கிராணி!" என்றான். சவரியாயி வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, கிராணி ஆபீசுக்குப் போய்விட்டான், சாயங்காலம்தான் வருவான் என்று பதில் சொன்னாள்.

அடுத்த வீட்டு ஷரீஃபாவுக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் மலாய் பேசுகிறவள் அவள். மலாயில் ஆயா என்றால் அப்பா. பேரப்பிள்ளைகளுக்கு நீங்கள் அப்பாவா என்று அவள் எத்தனையோ நாள் கேலி செய்திருக்கிறாள். ஆத்தாளாகவும் இருந்தாச்சு, அப்பனாகவும் இருந்தாச்சு, என்ன வேண்டுமானாலும் கூப்பிடட்டும் என்பாள் சவரியாயி. இப்போது ஷரீஃபா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"நேத்து வரைக்கும் அப்பா, இன்னைக்குக் கிராணி. அடுத்த வாரம் துரையே ஆயிடுவீங்க லா, அக்கா."

சவரியாயி கோபித்துக்கொள்ளவில்லை. மருமகள் படித்தவள், ஏதோ காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டாள். ஆனால் அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவளுக்குக் காது கேட்கவே கேட்காது. பிள்ளைகள் தோளைத் தொட்டுத்தான் திருப்ப வேண்டியிருந்தது.

புதுவருஷம் பிறந்தது. அன்றைக்குக் கடற்கரைத் திடலில் விளையாட்டு. படகுப் போட்டி, சாக்கு ஓட்டம், போலீஸ் பேண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக வழுக்கு மரம். சவரியாயி காலையிலேயே மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அந்த வெள்ளைக்காரி வந்தாலும் வருவாள், பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று வேறு சொன்னாள். ரிக்‌ஷாவில் ஏறும்போதே ஐரீன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். வந்துவிடக் கூடாது, மாதாவே, வந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் செபித்துக்கொண்டு போனாள்.

திடலில் எள் போட்டால் விழாது. பிள்ளைகள் கச்சான் கடலை கேட்டார்கள். அவித்த கச்சானைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் மாமியாரைக் காணோம்.

லாரன்ஸ் ஒரு பக்கம் ஓடினான், ஐரீன் ஒரு பக்கம் ஓடினாள். அம்மாவின் சட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு லீனாவும் செபாஸ்டியனும் ஒரே குரலாய்க் "கிராணி! கிராணி!" என்று கத்தினார்கள். ஜார்ஜ் டவுனில் கால்சட்டை போட்ட தமிழரில் பாதிப் பேர் கிராணிகள். அத்தனை பேரும் திரும்பினார்கள். எந்தக் கிராணி, யார் வீட்டுக் கிராணி என்று கூட்டத்தில் ஒரே சலசலப்பு. லாரன்ஸ் ஆபீஸ் பெரிய கிராணி தங்கராஜு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, ஆபீஸ் தீப்பற்றிக்கொண்டதா என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவரும் சேர்ந்து தேடக் கிளம்பினார்.

செபாஸ்டியனுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்த பிள்ளைக்குச் சட்டமாவது ஒன்றாவது. "ஆயா! ஆயா!" என்று தொண்டை கிழியக் கத்தினான், பேண்டு சத்தத்தைத் தாண்டி அது தூரம் போகவில்லை. மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் ஓடி வந்தார். பிள்ளை அப்பாவைத் தொலைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். மூச்சு வாங்க வந்து நின்ற லாரன்ஸைக் காட்டி, இதோ நிற்கிறாரே உன் ஆயா என்றார். செபாஸ்டியன் தலையைப் பலமாக ஆட்டினான். இது ஆயா இல்லை, இது ஆயா இல்லவே இல்லை என்றான். போலீஸ்காரர் முகம் மாறியது. யார் பிள்ளையை நீ பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று லாரன்ஸின் கோட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஆயா என்பது தன் தாய் என்று லாரன்ஸ் மலாயில் விளக்கினான். தாயையா அப்பா என்று கூப்பிடுகிறீர்கள் என்றார் அவர். ஆமாம், எனக்கும் அவர்தான் அப்பா, என் அப்பா முகம் எனக்குத் தெரியாது என்று லாரன்ஸ் சொன்னான். போலீஸ்காரர் கோட்டை விட்டுவிட்டுத் தானும் தேட ஆரம்பித்தார்.

ஐரீன் செய்த செபம் மாதாவின் காதில் விழவில்லை போலும். அழுகைச் சத்தம் கேட்டு அவள் பிள்ளையிடம் ஓடி வந்தபோது, நேர் எதிரே வெள்ளைக் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தத் துரைசானி வந்து நின்றாள். பிள்ளை அழுவதைப் பார்த்து, ஆயா தொலைந்துவிட்டாளா, ஆயாக்களெல்லாம் அந்த மரத்தடியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அங்கே போய்ப் பாருங்கள் என்று அன்பாகவே சொன்னாள்.

ஐரீன் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இந்தத் தடவையும் தலையாட்டினால் இனி ஆயுசுக்கும் ஆட்ட வேண்டியதுதான் என்று தோன்றியது. அங்கே போக வேண்டியதில்லை, அவர் என் கணவரைப் பெற்றவர், பிள்ளைகளின் பாட்டி, எங்கள் மொழியில் பாட்டிக்கு ஆயா என்று பெயர், அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் போனது என் தப்பு என்று ஒரே மூச்சில் இங்கிலீஷில் கொட்டினாள். அதோடு விடவில்லை. பக்கத்தில் கிடந்த பெஞ்சின்மேல் ஏறி நின்றாள். கான்வென்ட் படிப்பு, நாலு பேர், துரைசானி எல்லாம் ஒரு பக்கம் போகட்டும் என்று,

"ஆயா!" என்று திடல் முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

வழுக்கு மரத்தடியில், சம்பான் படகுக்காரர்களுக்கு நடுவே, ஒரு மஞ்சள் சேலை திரும்பியது.

சவரியாயி சாவகாசமாக நடந்து வந்தாள். வாய் நிறைய வெற்றிலை. இவ்வளவு நேரம் கத்தினோமே, காதில் விழவில்லையா என்று லாரன்ஸ் கோபித்துக்கொண்டான்.

"விழுந்துச்சுப்பா. யாரோ ஒரு கிராணிய ரொம்ப நேரமா தேடுறாங்களே, பாவம், ஆபீசுல என்ன களவாண்டானோன்னு நெனச்சேன்."

துரைசானி முகம் செக்கச்சிவந்திருந்தது. சவரியாயியிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினாள். மன்னிப்புக் கேட்க வார்த்தை கிடைக்காமல் தடுமாறிவிட்டு, உங்கள் சேலை மிகவும் அழகாக இருக்கிறது என்றாள். ஐரீன் அதைத் தமிழில் சொன்னாள்.

"அதத்தானே அன்னிக்கும் சொல்லிச்சு? வேற பேச்சே தெரியாதா இதுக்கு?" என்றாள் சவரியாயி.

வீட்டுக்குத் திரும்புகையில் ஒரு ரிக்‌ஷாவில் லாரன்ஸும் லீனாவும், இன்னொன்றில் மாமியாரும் மருமகளும், நடுவில் தூக்கக் கலக்கத்தோடு செபாஸ்டியனும். சொல்லாமல் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் ஐரீனால் முடியவில்லை. அன்றைக்கு அந்தப் பெண் கேட்டது வேறு, பிள்ளை பார்க்கிற வேலைக்கு உங்களைக் கேட்டாள், மாமியார் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நான் பேசாமல் நின்றுவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

சவரியாயி வெற்றிலையை மென்றுகொண்டே தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"சம்பளம் எவ்வளவு குடுப்பாளாம்?"

"நான் கேக்கலை."

"கேட்டிருக்கணும்டி. ஒன் வீட்ல வெறும் சோத்துக்கும் வெத்தலைக்கும்ல பாக்குறேன்."

ஐரீனுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ரிக்‌ஷா சாலையில் திரும்பி வீட்டை நெருங்கும்போது சவரியாயி மெல்லக் கேட்டாள்.

"அப்ப அன்னிக்கு அவ சேலையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லலை."

"இன்னிக்குச் சொன்னாள்ல?"

"இன்னிக்கு நெசமாவே சொன்னா, ஆயா."

சவரியாயி மஞ்சள் முந்தானையை மடியில் இழுத்துப் போட்டு நீவிவிட்டாள். பிறகு தூங்கிப்போன பேரனின் தலையை எடுத்து அதன்மேல் சாய்த்துக்கொண்டாள்.