கொடிக்கம்பிக்குக் கீழே

காஜா பேராங் ஊரில் அந்த வீட்டுப் பின்கட்டில் துணி காயப்போடும் கம்பி மட்டும் ஆள் உயரத்துக்கு மேலே கட்டியிருந்தது. கட்டியவள் மருமகள் பூங்காவனம். இவ்வளவு உயரத்தில் எவள் துணி போடுவாள் என்று மாமியார் சிவகாமி புலம்பாத நாளில்லை. அது கைப்பந்து வலையின் உயரம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கல்யாணத்துக்கு முன் பக்கத்து ஊரான தெங்கேராவின் பெண்கள் கைப்பந்துக் குழுவில், மற்றவர்கள் அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவள் பூங்காவனம்தான். கல்யாணமான வாரமே சிவகாமி அவள் பந்தை யாருக்கோ கொடுத்துவிட்டாள். பந்து போனால் என்ன, கை இருக்கிறதே. மத்தியானம் மாமியார் கண்ணயர்ந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பிக்கு அடியில் நிற்பாள். முழங்காலை மடக்கி, பத்து விரலையும் நெற்றிக்கு மேலே விரித்து, வராத பந்தைத் தூக்கிவிடுவாள். பக்கவாட்டில் ஓடுவாள், எகிறிக் குதிப்பாள். ஐம்பத்தேழில் நாட்டுக்குச் சுதந்திரம், அதையொட்டி மெர்டேக்கா பந்தயம் வருகிறது; அதில் ஒரே ஒரு தடவை ஆடிவிட வேண்டும். கணவன் தியாகுவை எப்படியாவது சம்மதிக்க வைத்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சிவகாமி சீக்கிரம் விழித்துவிட்டாள். மருமகள் கொண்டை அவிழ்ந்து, கண் மேலே நிலைகுத்தி, ஆகாயத்தைப் பார்த்துக் கையேந்திக் குதிப்பதைக் கண்டாள். ஏச்சு விழப்போகிறது என்று பூங்காவனம் செருகிய சேலையை அவசரமாக இறக்கிவிட்டாள். சிவகாமியோ தடாலென்று காலில் விழுந்தாள்.

"ஆத்தா, வந்திருக்கிறது யாரு? சொல்லு தாயே."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாயடைத்து நின்றுவிட்டாள், பாவி. பொழுது சாய்வதற்குள் தெருவே எலுமிச்சம்பழத்தோடு வாசலில் நின்றது.

அதன்பிறகு பாத்திரம் கழுவ விடவில்லை, மீன் தொட விடவில்லை, வாசற்படி தாண்டவும் விடவில்லை. மாமியாரே தாயே என்று கூப்பிட்டால் யாரிடம் போய் அழுவது? ஒருநாள் தியாகுவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இப்பப் போயி இல்லன்னு சொன்னா, அம்மா வெளிய தல காட்ட முடியாதுலா. நீ சும்மா உக்காந்திரு, போதும்."

பந்தயத்துக்கு முந்தின நாள் குழுத்தலைவி மல்லிகா வந்தாள். கூட ஆடியவள் என்ற நினைப்பே இல்லாமல், குங்குமத்துக்குக் கை நீட்டி, நாளைக்கு ஜெயிப்போமா தாயே என்று கேட்டாள். பூங்காவனம் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னையும் கூட்டிட்டுப் போ மல்லிகா."

ஆத்தா கேட்டால் மறுப்பு உண்டா? மஞ்சள் சேலையும் கழுத்து நிறைய மாலையுமாகத் திடலோரம் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார்கள். தெங்கேரா பெண்கள் அவளிடம் விபூதி வாங்கிக்கொண்டுதான் ஆட இறங்கினார்கள். அவளுடைய இடத்தில் வேறு யாரோ நின்றாள்.

ஆட்டத்தின் நடுவே பந்து தெறித்து அவளை நோக்கி வந்தது. எழுந்துவிட்டாள். முழங்கால் தானாக மடங்கியது, விரல்கள் விரிந்தன. பந்து ஒரு கணம் விரலில் தங்கி, மேலே எழும்பி, மல்லிகாவின் கைக்கு நேராகப் போய் இறங்கியது. கல்யாணத்துக்கு முன் அத்தனை வருஷமும் அவள் தூக்கிக் கொடுத்த பந்தை வாங்கி அடித்தவள் மல்லிகாதான். அவளுக்காவது தெரிந்திருக்கும் என்று பூங்காவனம் மூச்சு வாங்கிக்கொண்டு பார்த்தாள்.

ஒருவரும் கைதட்டவில்லை. மல்லிகா பந்தைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.