கன்னிமார் முத்தம்

நேற்று மருமகள் வாங்கிவந்த மாங்காயின் காம்பை ஒடித்ததும் எழுந்த பால் வாசனை, இன்று வீட்டுமனைகளாகிவிட்ட முதலமடை மாந்தோப்புக்கே என்னைக் கூட்டிப்போனது. அங்கே கோடை முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து மரங்களுக்கு ஊற்றியது அம்மாவும் நானும். ஆனால் அறுப்பின் முதல் காயைக் கன்னிமார் கல்லின் முன் வைத்து எல்லாருக்குமாக நன்றி சொல்ல, தோப்புக்காரம்மா கூப்பிட்டதோ பக்கத்து வீட்டுச் செல்லியை. அவளுக்குச் சிரித்த முகமாம்.

“ஏம்மா, தண்ணி ஊத்துனது நானு, சாமிகிட்டப் போறது அவளா?” என்றேன்.

“உன்ற மூஞ்சியப் பாத்தாச் சாமியே எந்திரிச்சு ஓடீரும். பேசாமக் கும்புடு கண்ணு,” என்றாள் அம்மா.

செல்லி காயைக் கன்னத்தோடு அணைத்து நடந்ததில் காம்பு ஒடிந்து, பால் வழிந்து, கன்னம் புண்ணாகிக் கறுத்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். காய் பறிக்க வந்த பெண்களோ அந்தத் தழும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “கன்னிமார் முத்தங் குடுத்த கன்னமுங்க” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள்.

மறு கோடையில், யாரும் பார்க்காதபோது ஒரு காம்பை ஒடித்து அந்தப் பாலை என் கன்னத்தில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தேன். எனக்கு ஒரு கொப்புளம்கூட வரவில்லை.